வில்லெமிடம் சொல்ல வேண்டியது

தி ஹேக்,
ஜூன் 1945

அன்புள்ள ஃபெம்கே அண்ணிக்கு,

ஹில்டா எழுதிக்கொள்வது. வில்லெம் ஜெர்மன் சிறைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பி உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாலங்கள் உடைந்து கிடக்கின்றன, ரயில் இல்லை. நான் வரும்வரை உங்கள் தம்பியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காசநோய்க்கு முட்டை நல்லதாம், கிடைத்தால் கொடுங்கள். இங்கே பஞ்சத்தில் டியூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்ற காலம் போய், ரொட்டி வருகிறது.

அவர் நர்ஸிடம் சொல்லி எழுதவைத்த கடிதமும் வந்தது. ஜெர்மன்காரர்கள் மலையைக் குடைந்து, லண்டன் மீது ஏவும் ராக்கெட்டுகளை அவரைப் போன்ற கைதிகளை வைத்து அதற்குள்தான் செய்தார்களாம். "ஹில்டா, நாங்க சும்மா இருக்கல. இரும்பப் பத்தவைக்கிற வேலைய அரைகுறையா விட்டுடுவோம். ஒயர் மேல மூத்திரம் பெய்வோம். அதுக்காக என் பக்கத்துல நின்னவனையே தூக்குல போட்டாங்க. ஆனா நான் தொட்ட எதுவும் லண்டன் போய்ச் சேந்திருக்காது. அந்த நெனப்புலதான் உசுரோட இருக்கேன்" என்கிறார். கடைசியில், "தினேகே வளந்துட்டாளா?" என்று மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

அண்ணி, தபால் இல்லாததால் உங்களுக்கே இப்போதுதான் எழுதுகிறேன். அந்த ராக்கெட்டுகளை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டிலிருந்துதான் ஏவினார்கள். ஒவ்வொன்றும் உறுமிக்கொண்டு கிளம்பும்போது உங்கள் மருமகள் தினேகே, "போயிடுச்சா அம்மா? நம்ம மேல விழாதுல்ல?" என்பாள். "அது நமக்கில்லடி, எங்கயோ தூரமா போகுது" என்று போர்த்திவிடுவேன். ஜனவரியில் ஒன்று மேலே போய், திணறி, திரும்பி எங்கள் தெருவிலேயே விழுந்தது. நான் ரொட்டி வரிசையில் நின்றிருந்தேன். தினேகே உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வீடும் இல்லை, அவளும் இல்லை.

அதில் யார் கை பட்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒழுங்காகப் போயிருந்தால் லண்டனில் இன்னொருத்தியின் பிள்ளை செத்திருக்கும். எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் தெரிந்தால் அவர் பிழைக்கமாட்டார். தொண்டை அடைப்பான் நோய் வந்து இறந்துபோனாள் என்று சொல்லுங்கள். டாக்டர் வந்து பார்த்தார், நான் பக்கத்திலேயே இருந்தேன் என்றும் சொல்லுங்கள்.

பேப்பரை அவர் கண்ணில் காட்டாதீர்கள். அந்த மலைக்குள் மிச்சமிருந்த ராக்கெட்டுகளை அமெரிக்கர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்களாம். "இதவிடப் பெருசா செய்வாங்க பாரு" என்கிறார் நான் இப்போது ஒண்டியிருக்கும் மாடியின் கீழ்வீட்டுக்காரர்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ செஞ்சது நல்ல காரியம்டா தம்பி" என்று சொல்லுங்கள் அண்ணி. அதையே நானும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குரல் உடையாமல் சொல்ல, எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

உங்கள்,
ஹில்டா