பலகையில் வைத்த போட்டோ

மரக்காணம்
9.9.88

அன்புள்ள புருஷோத்தமனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், உன் தங்கை ஆண்டாளும் குழந்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். நீ சௌக்கியமாக இருப்பது அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் தனியாகக் கேட்கவில்லை. போன வாரத்து மழையில் பாத்தியில் வாராமல் கிடந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது, அது எங்கள் பாடு.

உன் கடிதத்தை ஆண்டாள்தான் வாசித்துக் காட்டினாள். கம்பெனியில் லீவு இல்லை, காதுகுத்துக்கு வர முடியாது என்று முதல் பக்கம். இரண்டாம் பக்கத்திலிருந்து அந்த நாட்டில் நீ சுற்றிப் பார்த்த பாலைவனத்துப் பள்ளத்தாக்கு. பார்க் என்கிறாய், படத்தில் ஒரு மரம்கூட இல்லை. பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே ரோடு போகிறது, காட்சி நன்றாக இருக்கும் இடமெல்லாம் காரை நிறுத்தலாம், அரை மணி நேரத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிவர நடைபாதை இருக்கிறது, பாறைச் சுவர் காலையில் ஒரு நிறம் சாயங்காலம் ஒரு நிறம் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் சுற்றினாயாம், அதற்கு லீவு இருந்திருக்கிறது. வெடித்த பூமியும் மண்டையைப் பிளக்கிற வெயிலும்தான் பார்க்க வேண்டும் என்றால் நம் உப்பளத்துக்கு வந்திருக்கலாமே. டிக்கெட்டும் கிடையாது. உன் அம்மாவோ, "ஏன்டி, கையில தண்ணி எடுத்துட்டுப் போனானாமா" என்று ஆண்டாளைக் கேட்கிறாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

உனக்காக இரண்டு முறை தள்ளிப்போட்ட காதுகுத்து இது. இன்னொரு முறை தள்ள மாப்பிள்ளை சிங்காரம் வீட்டார் ஒப்பவில்லை. கூடப்பிறந்த மாமன் நீ ஒருவன்தான், வேறு யார் மடியிலும் இலக்கியாவை உட்காரவைக்க மாட்டேன் என்று ஆண்டாளும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அதனால் மாமன் உட்கார வேண்டிய பலகையில் உன் போட்டோவை வைத்து அதன் முன்னால் குழந்தையை உட்காரவைத்தோம். பள்ளத்தாக்கின் விளிம்பில் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறாயே, அந்தப் போட்டோ. சிங்காரம் நல்ல மனதோடுதான் செய்தார், மாமனுக்கு மரியாதை என்று வாங்கி வந்த ரோஜா மாலையை அதற்குப் போட்டுவிட்டார். எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. இடையஞ்சாவடியிலிருந்து தாமதமாக வந்த தூரத்து உறவு சுப்ராயன் வாசலிலேயே நின்றுவிட்டார். மாலை போட்ட படத்தைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும். பழப் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, "எப்பங்க ஆச்சு, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே" என்றார்.

நானும் திரும்பி உன் படத்தைப் பார்த்தேன். உன் அம்மா காதில் அது விழுந்துவிட்டது. பாய்ந்து மாலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள், போட்டோவை மார்போடு வைத்துக்கொண்டு, "எம்புள்ள நல்லா இருக்கான், நல்லா இருக்கான்" என்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். காது குத்த வந்த பத்தர் ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். சம்பந்தி வீட்டார் இலையில் உட்காராமல் கிளம்பினார்கள். காது குத்திய பிறகு பிள்ளையோடு வந்தால் போதும் என்று ஆண்டாளுக்கு அவள் மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நீ வந்து மடியில் வைத்துக்கொள்ளாமல் குத்தவே கூடாது என்று அம்மா நிற்கிறாள். நடுவில் கிடப்பது ஆண்டாள்.

வேளைக்குச் சாப்பிடு. பள்ளத்தின் விளிம்பில் அப்படிப் போய் நிற்காதே. இனி போட்டோ எதுவும் அனுப்ப வேண்டாம், தை மாதத்துக்குள் நீ வந்து சேர். கம்பெனியில் லீவு தரமாட்டேன் என்றால் அப்பா செத்துவிட்டார் என்று சொல்லிக் கேள், எனக்கு வருத்தமில்லை. சுப்ராயன் கேட்ட அந்த ஒரு நிமிஷம் உன்னை நான் அப்படிப் பார்த்துவிட்டேன், என்னை நீ ஒரு தடவை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

தீர்க்காயுசாக இரு.

உன் அப்பா,
பக்தவச்சலம்