நான்காம் பலகையில் ஏழு துளைகள்

1997 பிப்ரவரி 8, சனி

இன்றும் வெயில் இல்லை. நவம்பரில் சூரியனை விழுங்கும் மலை பிப்ரவரி பாதியில்தான் அதைக் கக்கும். அதுவரை சமையலறையில் பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

அப்பாவுக்கு முடியவில்லை என்று மூன்று வாரத்துக்கான துணியோடு வந்தேன். அவர் போயே ஒரு வருடம் ஆகிறது. அவருடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருடைய அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் சூரிச்சில் சரித்திரம் நடத்தியவன். என்னை வெளியே தள்ளிய பள்ளி முதல்வரையும், அதே மாதத்தில் பெட்டி கட்டிய மனைவியையும் மன்னிப்பதாக இல்லை. மூன்றாவது ஆள் மாடியில் இருக்கிறான், என் அண்ணன் பால்ட்ஸ்.

வீட்டை விற்கும் ஒப்பந்தத்தை பால்ட்ஸின் மேசையில் வைத்து இரண்டு மாதமாகிறது. வாங்க ஆள் தயார். அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் வக்கீல். என் பங்கு வந்தால் பாசலில் ஓர் அறை எடுப்பேன். பக்கத்தில் ஒரு நூலகம், என் பெயர் தெரியாத மனிதர்கள். பால்ட்ஸைக் கேட்டால், "வெச்சிட்டுப் போ, பாக்கறேன்" என்கிறான். பார்த்தால்தானே?

கேட்டுவிட்டு இறங்கும்போது மாடிப்படி உத்திரத்தில் நெற்றி இடித்தது. இந்த வீடே என்னை அடிக்கிறது.

பிப்ரவரி 11

பாலத்தில் எதிரே வந்தான். பால்ட்ஸ், பத்தடி தூரத்தில். ஒரு தலையசைப்புகூட இல்லாமல் கடந்து போனான். எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 22

கலைமான் விடுதியில் நேற்று மாலை. ஊர் முழுக்க அங்கேதான், சாராயம் ஊற்றிய காபியோடு. பால்ட்ஸ் சீட்டாட வரவில்லை. முன்பெல்லாம் அவன் இல்லாமல் ஆட்டமே தொடங்காது. இப்போது நான் உட்கார்ந்த மேசை அவனுக்கு ஆகாது போல.

எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"கையெழுத்து என்னாச்சு?"

"என்ன வாத்தியாரே அவசரம்? பாசல்ல வாத்தியம் வெச்சு வரவேற்க நிக்கறாங்களா?"

சிரிப்பு. நான் விடவில்லை. அவனும் விடவில்லை.

"அப்பா வீட்டை விக்கணும்னா அப்பா பிள்ளையா இருக்கணும். மே மாசம் துப்பாக்கிப் போட்டி, களச் சுடுவிழா வருதுல்ல? அதுல என்னைத் தாண்டு. அன்னைக்கே போட்டுத் தரேன்."

விடுதிக்காரி ரெகுலாதான் சுடுநர் சங்கத்துக்கும் தலைவி. கோப்பை துடைத்துக்கொண்டே சொன்னாள்: "துப்பாக்கியே இல்லாதவன்கிட்ட பந்தயமா? வெக்கமா இல்ல உனக்கு?"

"நான் என்ன பண்ண? பட்டாளம் வேண்டாம்னு திருப்பி அனுப்பின சரக்கு அது."

பத்தொன்பது வயதில் ராணுவ டாக்டர் என் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துத் 'தகுதியற்றவர்' என்று முத்திரை குத்தினார். இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் குடைக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி நிற்கும். சேவை முடித்தவன் தன்னுடையதை வீட்டோடு கொண்டுவந்துவிடுவான். என் அலமாரியில் குடை மட்டும். அப்பாவின் துப்பாக்கி பால்ட்ஸுக்குப் போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

"சரி" என்றேன். என் வாயா சொன்னது?

"நான் சாட்சி" என்றாள் ரெகுலா. "எவன் பின்வாங்கினாலும் ஒரு வருஷத்துக்கு இங்க சூப்பு கிடையாது."

மார்ச் 1

வாங்கிவிட்டேன். ராணுவக் கிடங்கில் கழித்துக் கட்டிய துப்பாக்கிகளை விற்கிறார்கள். நீண்ட மேசையில் வரிசையாகப் படுத்திருந்தன, கெட்டிக் கிரீஸ் பூசி, பிணவறையில் போல. 1943-இல் செய்தது. போருக்காகச் செய்து ஒரு போரையும் பார்க்காதது. ஒரு நல்ல காலணி இதைவிட விலை அதிகம்.

விற்பவன் கேட்டான்: "எந்தப் பட்டாளம் சார் நீங்க?"

"எதுவும் இல்ல."

"ஓ." துணியில் சுற்றிக்கொண்டே: "அப்போ ஆணியும் சேத்துத் தரட்டுமா? சுவத்துல மாட்டத்தானே?"

இவன் பெயர் தெரியவில்லை. தெரிந்தால் பட்டியலில் சேர்ப்பேன்.

ரயிலில் முழங்காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த பெண் தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள். டிக்கெட் பரிசோதகர் டிக்கெட்டை மட்டும் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக நான் இந்த நாட்டின் எல்லா ஆண்களையும் போல இருந்தேன். அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது பிடிக்கவில்லை.

மார்ச் 2

காலை முழுக்க கிரீஸ் துடைத்தேன். பழந்துணி இரண்டு கூடை. மரக்கட்டையின் அடிப்பகுதி சிராய்த்துக் கறுத்திருக்கிறது. பனியில் ஊன்றி ஊன்றி நின்றிருக்கிறான் எவனோ. கட்டையின் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே பழைய சிப்பாய் தன் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு இருக்கும் என்பார்கள். கழற்றினேன். வெறும் மரம். எனக்கு வாய்த்தது பெயர் சொல்ல மனமில்லாதவனின் துப்பாக்கி.

மார்ச் 22

முதல் சுடுநாள். பனி முழங்காலளவு; படுக்கும் இடத்தை மட்டும் வழித்திருந்தார்கள். முந்நூறு மீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் ஆறு பலகைகள். அவற்றின் கீழே குழிக்குள் நிற்பவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கோல் தூக்கி எங்கே பட்டதென்று காட்டுவார்கள். படாவிட்டால் சிவப்புக் கொடியை ஆட்டுவார்கள். எனக்குக் கொடி ஆட்டியே அவர்கள் கை ஓய்ந்திருக்கும்.

"மலைக்கு வலிக்குதாம், ஜோஸ்ட். மெதுவா" என்றாள் ரெகுலா.

பால்ட்ஸ் எனக்குப் பக்கத்தில் படுத்தான். படுக்குமுன் இடது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டிப் பலகைகளை எண்ணினான். நான் காலையில் அப்படித்தான் எண்ணினேன், புதியவன் என்பதால். பார்த்திருக்கிறான். எல்லோர் முன்னாலும் பழிப்புக் காட்டுகிறான். ஐம்பத்தாறு வயதில்!

தோள் ஊதா நிறமாகிவிட்டது.

ஏப்ரல் 19

பால்ட்ஸ் காரை விற்றுவிட்டான். "மலைக்காரன் நடக்கணும்" என்கிறான். நான் இரவல் கேட்டுவிடுவேன் என்ற பயம்தான். ஒப்பந்தம் அவன் மேசையில் அதே இடத்தில் கிடக்கிறது. மேலே ஒரு ரொட்டி டப்பா.

மே 3

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். விசைக்கு இரண்டு நிலை இருக்கிறது. முதல் அழுத்தத்தில் மெல்லப் போய் ஓரிடத்தில் நிற்கும். அங்கே மூச்சை விட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் முதல்வர் இல்லை, மனைவி இல்லை, மலை இல்லை. ஒரு கறுப்புப் புள்ளி, இரும்பு முனை, நான். பிறகு அதுவாகவே வெடிக்கிறது.

பதினைந்து மாதத்தில் முதன்முறையாகக் கழுத்தில் கயிறு இல்லாத நிமிடம். அதற்கும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் வந்து படுக்க வேண்டியிருக்கிறது.

கோல் நடுவில் எழுந்தது. ரெகுலா தொப்பியைக் கழற்றினாள்.

மே 24

இன்னும் ஒரு வாரம். தெற்குக் காற்று, தலைவலி. தீப் பரவும் என்று, காற்று நிற்கும்வரை ஊரில் ஒருவரும் வெளியே புகைபிடிக்கக் கூடாது. அறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். புத்தகம் மட்டும் நான்கு பெட்டி.

ஜூன் 1, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

களச் சுடுவிழாவுக்குப் பள்ளத்தாக்கே வந்திருந்தது. தொத்திறைச்சிப் புகை, ஊதுகுழல் வாத்தியம். அவனுக்கு மூன்றாம் பலகை, எனக்கு நான்காம் பலகை. பேசிக்கொள்ளவில்லை. முதல் சுற்றுகளில் இருவரும் சுமார்தான். கடைசிச் சுற்றுக்கு முன் அவன் என்னைவிட மூன்று புள்ளி மேலே. அவனுக்கு அது அவமானம். போன வருடம் மார்பில் பதக்கம் குத்திக்கொண்டு போனவன். எனக்கோ — மூன்று புள்ளி! பாசல் மூன்று புள்ளி தூரத்தில்!

கடைசிச் சுற்று: ஒரு நிமிடம், ஆறு குண்டு. போல்ட்டை இழு, தள்ளு, சுடு. இழு, தள்ளு, சுடு. மணி அடித்தது. பலகைகள் குழிக்குள் இறங்கின. அவை மேலே வர நெடுநேரம் ஆனது. குழியிலிருந்து தொலைபேசி. ரெகுலா எடுத்தாள். இரண்டு முறை "என்ன?" என்றாள்.

மூன்றாம் பலகையில் ஐந்து துளை. நான்காம் பலகையில் ஏழு.

கூட்டம் சிரித்தது. ஊரின் பழைய வீரன் பக்கத்துப் பலகையில் சுட்டுவிட்டான்! முதல் வருடத்துப் பயலே அழும் தவறு அது. ரெகுலா சிரிக்கவில்லை. "சட்டம் சட்டம்தான். பலகைக்காரனுக்கு ஏழுல நல்ல ஆறு. பால்ட்ஸுக்கு அஞ்சு. ஜோஸ்ட் ஜெயிச்சான்."

என் குண்டு மட்டும் என்றால் தோற்றிருப்பேன். ஜெயித்தது அவன் குண்டு.

உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறான். ஊரே பார்க்க எனக்குப் பிச்சை! வீட்டுக்கு வந்ததும் மாடியேறிப் போய்க் கத்தினேன். "எதுக்குடா போட்ட? யாரு கேட்டா உன் குண்டை?" அண்ணனை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை.

அவன் ரொட்டி டப்பாவை நகர்த்தினான். "பந்தயம் பந்தயம். எழுதுகோல் குடு."

கொடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டில் வக்கீல் தடிமனாகச் சிலுவைக் குறி போட்டிருந்தார். பால்ட்ஸ் காகிதத்தை இடது கையால் தடவினான். விளிம்பைப் பிடித்தான். பிறகு போட்டான், நிதானமாக, அப்பா போடுவது போலப் பெரிய எழுத்தில் — கோட்டுக்கு நான்கு விரல் மேலே, அச்செழுத்துகளின் மீது.

"சரியா?" என்றான். காகிதத்தை என் பக்கம் நீட்டவில்லை. எனக்குச் சற்று இடப்பக்கம், நாற்காலியை நோக்கி நீட்டினான்.

நாற்காலி காலியாக இருந்தது.

"எப்போலேருந்து?"

"எது?"

"பால்ட்ஸ்."

"...அப்பா சாவுக்கு முன்னாடியே. பார்வைக்கு நடுவுல ஒரு சாம்பல் திட்டு, சுத்தி மட்டும் தெரியுது. பலகை கண்ணோரத்துல தெரியும், நம்பர் தெரியாது. எண்ணிட்டுத்தான் படுப்பேன். நேரம் குடுத்து சுடறப்போ அது போதும். நேத்து அந்த ஒரு நிமிஷத்துல ஒரு தடவை கண்ணை எடுத்துட்டேன், அவ்வளவுதான்."

அவன் நேற்று என்றான். நடந்தது அன்றைக்கே, இரண்டு மணி நேரம் முன்பு. அவனுக்கும் நாள் நீண்டிருக்கிறது.

"டாக்டர்?"

"ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"யாருக்குத் தெரியும்?"

"உனக்கு. இப்போ."

"ஒப்பந்தத்தைப் படிக்க முடியலைன்னு சொல்லியிருந்தா நானே —"

"உன்கிட்டயா?" என்றான். "படிச்சுக் காட்டுடா தம்பின்னு உன்கிட்டயா கேப்பேன்?"

நியாயமான கேள்வி. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

கீழே தொலைபேசி மணி அடித்தது. எடுக்க அவன் விறுவிறுவென்று இறங்கினான். கைப்பிடியைத் தொடவில்லை. உத்திரம் வந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், தலையைச் சாய்த்துக்கொண்டான். நான் பின்னால் இறங்கினேன். இரண்டு நல்ல கண்களோடு, நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

ஜூன் 3

பாலத்தில் எதிரே வந்தான். "நான்தான்" என்றேன். "தெரியும்டா" என்றான். தெரியவில்லை.

ஜூன் 20

கையெழுத்து சரியான இடத்தில் வேண்டுமாம். வக்கீல் புதுப் பிரதி அனுப்பியிருக்கிறார். முழுவதும் படித்துக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றான். "இதுக்கா ஆறு மாசம் முறைச்ச?" அவன் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். போட்டான். என்னுடையதும் போட்டேன்.

"நான் எங்க போறதுன்னு கேக்கமாட்டியா?" என்றான்.

"எங்க போவ?"

"தெரியாது. படிக்கட்டு இல்லாத இடம் ஏதாவது."

ஒப்பந்தத்தை உறையிலிட்டு ஒட்டி, என் அலமாரியில் வைத்தேன். குடைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில்.

ஆகஸ்ட் 30

சங்கத்தின் கட்டாயச் சுடுநாள். பால்ட்ஸ் வரவில்லை. முதுகுவலி என்று ரெகுலாவிடம் சொல்லியிருக்கிறான். என் முதுகைத் திருடிவிட்டான்.

"அண்ணனுக்கு முதுகாம்" என்றாள் என்னிடம், என் கண்ணையே பார்த்து. "உங்க குடும்பத்துல பரம்பரையோ?"

"ஆமா" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. தெரிந்தேதான் கேட்காமல் இருக்கிறாளா?

அக்டோபர் 4

வாங்குபவரிடமிருந்து கடிதம். இந்த வருடக் கடைசி வரைதான் காத்திருப்பாராம். பதில் எழுதவில்லை. முன்பு கதவு பூட்டியிருந்தது. யாரைத் திட்டுவதென்று தெரிந்திருந்தது. இப்போது திறந்து கிடக்கிறது. யாரைத் திட்ட?

எவ்வளவு சாமர்த்தியமாக என்னைக் கட்டிப்போட்டுவிட்டான்!

நவம்பர் 18, செவ்வாய்

சூரியன் இன்று மலைக்கு மேல் வரவில்லை. இனி பிப்ரவரிதான்.

காலையில் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டேன். செய்தித்தாளைப் படித்துக் காட்டும்போது இடையில் கேட்டான்.

"அந்த உறையைப் போட்டியா?"

"தபாலாபீஸ் மூடியிருந்துச்சு."

"செவ்வாய்க்கிழமையா?"

"ஆமா."

அடுப்பைப் பார்த்தான், அல்லது அடுப்பு இருக்கும் பக்கம். "இருக்கற விறகு மார்ச் வரைக்கும் வராது, வாத்தியாரே."

"தெரியும். நாளைக்குப் பிளக்கறேன்."

சூப்புப் பானையை அவன் மேசையில் வைக்க எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அவன் கீழேயிருந்து என் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"குனிடா" என்றான்.

குனிந்தேன்.