இசக்கியின் டி.சி.

சாரல் பிடித்துவிட்டதே என்று இன்று காலை கம்பளியை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு காகிதம் கைக்கு வந்தது. இசக்கியம்மாளின் டி.சி. தலைமையாசிரியர் கையெழுத்து போட வேண்டிய இடம் மட்டும் காலி. நடத்தை என்ற இடத்தில் ‘திருப்தி இல்லை’ என்று என் கையெழுத்து, அதுவும் எவ்வளவு அழகாக! முதலில் உன் சிரிப்புதான் காதில் விழுந்தது. பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு மாதம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை, போ.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் அந்த நடுநிலைப் பள்ளியில் நாம் இருவரும் ஆசிரியைகள்; ஏழாம் வகுப்பு ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு உனக்கு. நடுவில் ஒரு தட்டித் தடுப்புதான். நான் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் இசக்கி எழுந்து நின்று விடையைக் கத்துவாள். அது பாதி நாள் சரியாகவும் இருந்து தொலைக்கும். உட்கார் என்றால் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பிடுங்குவாள். வராந்தாவில் நிற்க வைத்தால் அங்கே போகிறவர் வருகிறவரோடெல்லாம் பேச்சு. அவளால் வகுப்பே கெடுகிறது என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். டி.சி.யை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அப்படி ஒரு வரியோடு போனால் வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்காது, படிப்பு அதோடு சரி. அது தெரிந்துதான் எழுதினேன்.

நீ என் மேசையிலிருந்து அதை எடுத்து, மடித்து உன் பைக்குள் போட்டுக்கொண்டாய்.

“ஏட்டி, குத்தால சீசன் முடியுத வரைக்கும் அவ எங்கிளாஸ்ல இருக்கட்டும். பதிலுக்கு வாயே தொறக்காத பிள்ளைய ரெண்டு எங்கிட்ட இருக்கு, நீ எடுத்துக்க.”

சந்தையில் மாடு மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டோம். தலைமையாசிரியர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

நீ ஒன்றும் மந்திரம் போடவில்லை. சாரல் அடித்தால் ஜன்னல்களை அடைப்பதும், விட்டால் திறப்பதும் அவள் பொறுப்பு என்றாய். நம்மூர்ச் சாரல் ஒரு பாட வேளைக்குள் நாலு தடவை வந்து போகும். அவள் கால்களுக்கு அது போதுமாக இருந்தது. வாய்க்குத்தான் வழியில்லை. ஒரு பெண்ணின் அப்பா வந்து, தன் மகள் படிக்க வந்தாளா, இவள் கூத்தைப் பார்க்க வந்தாளா என்று சண்டை போட்டார். நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீயோ அவர் கேட்டதும் நியாயம்தான் என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்குச் சாயங்காலம் தனியாகப் பாடம் நடத்தினாய். இரண்டே மாதத்தில் இளைத்துப்போனாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனாய். சீசனில் அருவிக்குப் போவது வெளியூர்க்காரர்கள் வேலை என்பது நம் இரண்டு வீட்டிலும் எழுதாத சட்டம். கூட்டம் வடிந்த பிறகுதான் நாம் குளிக்கப் போவோம். அதனால்தான் எனக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. பேரருவிக்குப் போகும் வழியில், தண்ணீர் இரைச்சலுக்கு மேலே அந்தக் குரல். அம்மாவோடு மங்குஸ்தான் கூடைக்கு முன்னால் நின்று, ஈரத் தலையோடு போகிறவர்களை எல்லாம் இசக்கி கூவி அழைத்துக்கொண்டிருந்தாள். வாயை மூடினால் அடுத்த கூடைக்காரி வியாபாரத்தைக் கொண்டுபோய்விடுவாள். சீசன் முழுக்க விடிந்ததிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்வரை இதுதான் என்று அவள் அம்மா சொன்னாள். அருவிக்கு மேலே கத்திப் பழகிய குரலைத்தான் நான் திமிர் என்று நினைத்திருந்தேன்.

நம்மைப் பார்த்ததும், வீட்டுக்கணக்கை நேற்றே போட்டுவிட்டதாக அதே குரலில் கத்தினாள். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். நீ ஒரு மங்குஸ்தானை உரித்து என் கையில் வைத்தாய்.

சீசன் முடிந்த திங்கட்கிழமை என் வகுப்பு வாசலில் வந்து நின்றாய். ஒரு கையில் இசக்கி, இன்னொரு கையில் அந்த டி.சி.

“ரெண்டுல எது வேணுமோ நீயே வச்சுக்க.”

நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைத்தேன், காகிதத்தைப் பெட்டிக்குள் போட்டேன். அவள் அடங்கிவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன். என் தொண்டைத் தண்ணீரை வற்ற வைத்துத்தான் எட்டாம் வகுப்புக்குத் தேறிப் போனாள். ஓய்வு பெறும்வரை எத்தனையோ டி.சி. எழுதினேன். அந்த இரண்டு சொற்களை மறுபடி எழுதக் கை வரவில்லை.

போன மாதம் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, தெருமுனையிலிருந்தே ஓர் அழுகை கேட்டது. நரைத்த தலையோடு இசக்கி. உன் மருமகள் சென்னைப் பெண், பாவம், அவளுக்கு இவள் யாரென்று தெரியாது. கொஞ்சம் மெதுவாக அழச் சொல்லுங்கள் என்று என் காதருகே வந்து கேட்டுக்கொண்டாள்.

“அவள ஒண்ணும் சொல்லாத தாயி,” என்றேன். “அவ சத்தம் அப்படித்தான்.”