வெள்ளம் வந்த நாளில் கடலுக்கும் காவல் இருந்தது

என் செல்வி அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். ஆற அமர உட்கார்ந்து, வீட்டு நடப்பெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் இதைச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். மனசு பொறுக்கவில்லை. நம்ம ஊர் மாப்பிள்ளையூரணியில் மறுபடியும் வெள்ளம் வந்தது அக்கா. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

நீ பேரிடர்ப் பிரிவில் தாசில்தாராக இருந்தபோது பெய்த அந்தப் பெரிய மழை நினைவிருக்கிறதா? சாலைகள் அறுந்து தூத்துக்குடியே தீவாகிவிட்டது. கடலோரக் காவல் படைக்காரர்கள் ரப்பர் படகுகளோடு தெருத்தெருவாக வந்து எங்களை மீட்டார்கள். நாங்கள் எல்லோரும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டோம். உன் முகத்தில் மட்டும் கவலை போகவில்லை.

அதே நேரத்தில் எஞ்சின் பழுதான ஒரு விசைப்படகு எல்லைக்கோட்டைத் தாண்டி இலங்கைப் பக்கம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. தேடிப்போக வேண்டியவர்கள் எங்கள் தெருக்களில் நின்றார்கள். பாவம், அவர்களும் எத்தனை இடத்தில்தான் இருப்பார்கள்? அந்த மீனவர்கள் அங்கே சிறையில் கிடந்துதான் ஊர் திரும்பினார்கள்.

கடல் வருஷத்துக்கு வருஷம் சூடாகிறது, இனி மழை இப்படித்தான் கொட்டும், துறைமுகத்தையும் எல்லையையும் விட்டுவிட்டு வெள்ளத்துக்கு மட்டும் திட்டம் போடக்கூடாது என்று நீ கூட்டத்தில் பேசினாய். பெரிய அதிகாரி ஒருவர் சிரித்தாராம். "மேடம், நாட்டுப் பாதுகாப்ப டெல்லி பாத்துக்கிடும். நாம சோத்துப் பொட்டலத்தப் பாப்போம்."

வீட்டுக்கு வந்து என்னிடம் நீ சொன்னாய்: "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. ஏளா, மழைக்கும் எல்லைக்கும் ஒரே ஆளுவதான் காவல்னா, மழ பெய்யுத அன்னைக்கு எல்ல தொறந்துதான கெடக்கும்?"

பிறகு நீயே கடற்கரைக்குப் போனாய். வெள்ள எச்சரிக்கை வந்ததுமே மீனவர்களின் ஃபைபர் படகுகளைத் துறைமுக லாரிகளில் ஏற்றித் தாழ்வான ஊர்களில் கொண்டு நிறுத்த வேண்டும், தெருக்களில் அவர்கள் மீட்க வேண்டும், காவல் படை கடலிலேயே இருக்க வேண்டும் என்றாய். படகுக்காரர்களின் தலைவர் அந்தோணி அண்ணாச்சி எகிறினார்.

"எங்க படகத் தெருவுல கொண்டுபோயி ஒடைக்கச் சொல்லுதியளா? எங்க ஆளுவ கடல்ல மாட்டுனா எவன் வாரான்?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி கேக்கேன். தெருவ நீங்க பாத்துக்கிடுங்க. கப்பல் கடல்லயே நிக்கும். ஒங்க பிள்ளையளத் தேடிப் போக அதுக்கு நேரம் இருக்கும்."

அவர் கரையில் கிடந்த தன் படகைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, வாரோம்" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே அந்தத் திட்டத்தைத் திருத்தினாய். அரசாணை வந்தபோது நீ இல்லை.

இந்த ஐப்பசியில் எச்சரிக்கை வந்தது. மழைக்கு முன்பே, கன்டெய்னர் ஏற்றும் நீள லாரிகளில் படகுகள் எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து இறங்கின. நான் பாடம் நடத்தும் மாடி வகுப்பறைகள் முகாம் ஆயின. விடிந்ததும் குளம் உடைத்துக்கொண்டு தண்ணீர் ஊருக்குள் வந்தது. முதல் படகில் அந்தோணி அண்ணாச்சி.

மளிகைக் கடைக்காரர் கணேசன் அரிசி மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றாராம். "ஓய், கட நாளைக்கும் இருக்கும். நீரு இருக்கணும்லா? ஏறும்!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் மனுஷன் ஒரு மிக்சர் டின்னோடு வந்து சேர்ந்தார். முகாமில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அன்று கொண்டாட்டம்தான்.

மதியம் ஒரு செய்தி வந்தது. அண்ணாச்சியின் மகன் ஜோசப், எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்தான். திரும்பும் வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. காற்று படகை எல்லைக்கோட்டை நோக்கித் தள்ளுகிறது. பள்ளிக்கூட வாசலில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணாச்சி அதைக் கேட்டார்.

"நீங்க தொறமுகத்துக்குப் போங்க அண்ணாச்சி" என்றேன்.

"போயி கரையில நின்னு என்ன செய்யப் போறேன் டீச்சர்? கப்பல் கடல்ல நிக்கும்னு ஒங்க அக்கா சொன்னாவ. நான் இங்கன பாக்கேன்."

எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். உன் வார்த்தை பொய்த்தால் அந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வெளிச்சம் மங்கும் முன், ஆட்களை இறக்கிவிட அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது போன் அடித்தது. துடுப்பை விடாமலே அதை என்னிடம் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். காவல் படைக் கப்பலின் போனிலிருந்து ஜோசப்பின் குரல்.

"அப்பா, கப்பல் வந்துட்டு! கட்டி இழுத்துட்டு வாராவ. கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் இருக்கோம்."

பள்ளிக்கூடமே அதிர்ந்தது அக்கா. கைதட்டல், விசில், குலவை. அண்ணாச்சி துடுப்பைத் தலைக்குமேல் தூக்கி "மாதாவே!" என்று கத்தினார். அடுத்த மூச்சில் "செல்வியம்மா!" என்றார். உன்னைப் பார்த்தே இராத ஜனங்கள் எல்லாம் உன் பெயரைச் சொன்னார்கள். நான் அழுதேன். அழுதுகொண்டே நானும் கத்தினேன். உனக்குக் கேட்டதா?

அன்று சிரித்த அதிகாரி போன வாரம் பள்ளிக்கு வந்தார். மற்ற கடலோர மாவட்டங்களிலிருந்து வந்த அதிகாரிகளிடம், வெள்ளத்தையும் எல்லையையும் ஒரே கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று அவரே விளக்கினார். பெருந்தன்மையாக உன் பெயரையும் சொன்னார். இதைக் கேட்டால் நீ என்ன செய்திருப்பாய்? சிரித்திருப்பாயா, அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பாயா?

அடுத்த வேலை இருக்கிறது. சாயர்புரத்தில் வெள்ள மீட்பு ஒத்திகை வைக்கிறார்கள். பெண்களும் படகு ஓட்டப் பழக வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். கணுக்கால் தண்ணீருக்கே உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இருந்தாலும் சொல்கிறேன் அக்கா, முதல் படகில் ஏறப்போவது நான்தான். எஞ்சினையும் நானே கிளப்புவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மாலா