பொரித் தட்டில் விழுந்த தோட்டா

மாமா,

இன்று பாப்பா பீரோவின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை இழுத்து வந்து பொம்மைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய் வாசனை. உங்கள் கைத்துப்பாக்கியைச் சுற்றியிருந்த துணி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. முன்பே எழுதியிருக்க வேண்டியதை இப்போதுதான் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பம் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அதைக் கண்டு ஓரடி பின்னால் போனேன். நீங்கள் சிரித்தீர்கள். "எம்.எஸ்சி. படிச்ச பொண்ணு, உள்ளங்கை அளவு சாமானுக்கு இப்படி பயப்படுறியே!" சிதம்பரத்தில் நகைக்கடை வைத்திருந்த உங்கள் அப்பா, ரயிலில் நகை கொண்டுபோகும்போது பையில் வைத்துக்கொள்ள வாங்கியது. அவருக்குப் பின் லைசென்ஸ் உங்கள் பேருக்கு மாறியது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பீர்கள், முடிந்ததும் வாங்கி வருவீர்கள். "எலெக்‌ஷன் வருஷா வருஷம் வந்தா தேவலாம் மாமா" என்பேன். "ஓட்டு போடவா, நிம்மதியா தூங்கவா?" என்பீர்கள்.

அதன் கதையைத் தொடங்கினால் உங்கள் காபி ஆறிவிடும். முதலில் வெள்ளைக்காரர்கள் குதிரைவண்டிப் பயணத்தில் கோட்டுப் பையில் வைத்திருந்தது, தீக்கல் உரசி வெடிக்கும் ஒற்றைக் குண்டு. மழையில் நனைந்தால் வெறும் இரும்பு. சீமாட்டிகள் குளிருக்குக் கை நுழைக்கும் கம்பளி உறைக்குள் அதைவிடச் சிறியதை ஒளித்தார்கள். பிறகு இரட்டைக் குழல் வந்தது. அதற்கும் பிறகு, நூறு வருஷத்துக்கு முன்னால், பெல்ஜியத்தில் செய்த இந்த வகை: கைப்பிடிக்குள் ஆறு தோட்டா அடுக்கிய மேகசின், மூலைகள் மழுங்கிய உடம்பு. "சுத்தியல் வெளிய இருந்தா பையில மாட்டிக்கும்ல? அதான் அடிக்கிற ஊசிய உள்ளயே ஒளிச்சிட்டான். மூளைய பாரு!"

என் யோசனை வேறு பக்கம் ஓடியது. எல்லாவற்றையும் உள்ளே ஒளித்துவிட்டால், அது தயாராக இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? குழல் இரண்டே அங்குலம், நாலடி தாண்டினால் குறி நிச்சயமில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அந்த நாலடிக்குள் இருந்தது நாம்தானே மாமா.

அந்த ஆயுத பூஜையை நாம் இருவரும் மறந்திருக்க முடியாது. தையல் மெஷின், அரிவாள்மனை, உங்கள் ஸ்பேனர்கள். நடுவே பித்தளைத் தட்டில் பொரி, அதன் பக்கத்தில் குங்குமப் பொட்டு வைத்த துப்பாக்கி. பாப்பா அதை நோக்கித் தவழ்ந்து வந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு, "உள்ள பாத்தீங்களா மாமா?" என்றேன்.

"மேகசினே என் கையில இருக்கு. இன்னும் உள்ள என்னம்மா பாக்கிறது?"

"ஒரு தடவ இழுத்துக் காட்டுங்க."

"ஒனக்கு பயம் ஜாஸ்தி" என்றபடி, சுவர்ப் பக்கம் திருப்பி, மேல் பாகத்தைப் பின்னால் இழுத்தீர்கள். பொரித் தட்டில் பொத்தென்று ஒரு தோட்டா விழுந்தது.

முந்தின வாரம் கொல்லையில் சத்தம் கேட்டுத் தோட்டாவைக் குழலில் ஏற்றியிருந்தீர்கள். வந்தது பெருச்சாளி. அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், தோட்டா உள்ளேயே இருப்பதை மறந்துவிட்டீர்கள். அன்று நீங்கள் பொரி சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எப்போது வெளியே எடுத்தாலும் என்னைக் கூப்பிடுவீர்கள். இழுத்து, வெறும் குழலைக் காட்டி, "பாத்தியா?" என்பீர்கள். நான் "பாத்தேன்" என்று சொல்லாமல் பீரோவைப் பூட்டியதில்லை. மருமகளிடம் ஒவ்வொரு முறையும் தோற்பது போன்ற அந்த வேலையை நீங்கள் முகம் சுளிக்காமல் செய்தீர்கள்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் குரல் அடங்கிக்கொண்டிருந்தபோதும் கேட்டீர்கள்: "பீரோல... பாத்தியா?" நான் "பாத்தேன் மாமா" என்றேன். பொய். நீங்கள் இல்லாமல் அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் காரியம் முடியும்வரை பீரோ இருந்த அறைக்குள் பாப்பாவை விடவே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த உங்கள் மகன், "அப்பா ஞாபகமா இருக்கட்டுமே, லைசென்ஸ என் பேருக்கு மாத்திக்கலாம்" என்றார். "நீங்க லீவு முடிஞ்சு போயிடுவீங்க. பீரோவோட இருக்கப்போறது நானும் பாப்பாவும்" என்றேன். மறுநாள் இருவருமாக ஸ்டேஷனுக்குப் போனோம்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஏட்டு மேகசினைக் கழற்றி வைத்துவிட்டு, "காலிதாம்மா" என்றார்.

"இழுத்துப் பாருங்க சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு இழுத்தார். குழலை என் பக்கம் சாய்த்துக் காட்டி, "பாத்தீங்களா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலி மாமா. நீங்கள் சரியாகத்தான் வைத்திருந்தீர்கள். பார்க்காமல் சொன்னது நான்தான்.

இப்போது கேஸ் சிலிண்டரை மூடினாலும் கேட்டைப் பூட்டினாலும் திரும்பிப் போய் ஒரு முறை பார்க்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் பார்க்காமல் "பாத்தேன்" என்று யாரிடமும் சொல்வதில்லை. மஞ்சள் துணியைத் துவைக்காமல் பாப்பாவிடமே கொடுத்துவிட்டேன். கீழ் இழுப்பறையை முழுசாக இழுத்து அவளுக்கும் காட்டினேன். உள்ளே ஒன்றுமில்லை.