இடது பக்கம் வாட்ச், வலது பக்கம் நான்

மார்ச் 3
கணக்கு டீச்சருக்கு வேறு எப்படிப் புத்தி போகும்! நோட்டில் இடது பக்கம் வாட்ச் என் போனுக்கு அனுப்பிய இதயத்துடிப்பு, வலது பக்கம் அந்த நேரத்தில் என் மனசு இருந்த லட்சணம். ஒரு வருஷம் எழுதினால் என்னை நானே புரிந்துகொள்ளலாம். வீட்டுக்காரருக்கும் அதே கறுப்பு வாட்சைப் பிடிவாதமாகக் கட்டிவிட்டிருக்கிறேன். தன் போனில் வரும் கணக்கை அவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை, கேலி மட்டும் உண்டு. "பசிக்குதா இல்லையான்னு அதுகிட்டயே கேட்டுட்டு சாப்பிட வா."

மார்ச் 6
மதியம் துடிப்பு தாறுமாறாக எகிறியிருக்கிறது. அப்போது பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். 'நிம்மதி' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு 'உள்ளுக்குள் பதற்றம்' என்று மாற்றினேன். உடம்பு பொய் சொல்லாதே.

மார்ச் 9
மறுபடியும். காபியை நிறுத்தினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மேல் அடிமனதில் கோபமோ? இல்லாத கோபத்தைத் தோண்டித் தோண்டி ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

அவர் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் மட்டும் படியேறித்தான் போகணும், பாத்தியா? நெஞ்செல்லாம் கரிக்குது." கண்டதைத் தின்றால் கரிக்காதா என்றேன்.

மார்ச் 11
டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. அந்த வாட்சைக் கழட்டி வீசுங்க." ஒன்றுமில்லாமலா இப்படித் துடிக்கும்?

மார்ச் 12
கால் சுளுக்கு. நாள் முழுக்கக் கட்டில்தான்.

மார்ச் 13, காலை
நேற்று இருபது மாடி ஏறியிருக்கிறேன் என்கிறது போன். கட்டிலில் படுத்துக்கொண்டா?

வாட்சைக் கழற்றித் திருப்பினேன். கொக்கியடியில் கிரீஸ் கறை. கடவுளே — சார்ஜ் போட்ட இடத்தில் எப்போதோ மாற்றி எடுத்துக் கட்டியிருக்கிறோம். என் வாட்ச் அவர் கையில். சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்ததும் அது என் போனில் இறக்கிவைத்ததெல்லாம் அவருடைய துடிப்பு. இத்தனை நாளா நான் என்னத்தைப் பார்த்தேன்!

ரிங் போகுது. எடுக்கல. வேலையில இருந்தா எடுக்க மாட்டாரு, தெரியும்.

எடுங்களேன்.

மார்ச் 27
துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுத் தந்த வாட்சை இன்றுதான் சார்ஜ் போட்டேன். பழையபடி என் போனோடு சேர்ந்துகொண்டது. பதின்மூன்றாம் தேதி மதியம் வரை மாடி, மாடி, மாடி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

நோட்டைப் புரட்டினேன். அந்த 'நிம்மதி'யை அடிக்காமல் விட்டிருந்தால், அப்படியானால் இது யாருடைய துடிப்பு என்று அன்றைக்கே கேட்டிருப்பேன். என்னை நான் நம்பவில்லை. அவரும் என்னிடம் வாய்விட்டுச் சொன்னார், அதையும் கேட்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

மாலையில் போன் அதிர்ந்தது. 'இன்று நீங்கள் அசையவே இல்லை. எழுந்து கொஞ்சம் நடங்கள்!'

பழக்க தோஷம். எழுந்து நின்றுவிட்டேன்.