தனபால் அடைத்த பாட்டில்கள்

ஜூலை 14, திங்கள்

ஷெட்டைப் பெருக்கினேன். வேலையே நடக்காத இடத்தில் என்ன குப்பை சேரும்? ஆனாலும் பெருக்கினேன். ராமுத்தாய் வந்து காலிப் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். இங்கே பனியன் தைத்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து எங்களிடம் இருப்பவள், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி.

மதியம் அத்தை கேட்டார். “கனடாவுல இருந்து சேதி வந்துச்சா கண்ணு?”

பாட்டில்களை ஏற்றிய கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன்.

“என்ற பையன் போட்ட முருங்கைக்கா கடல் தாண்டிப் போயிருச்சு பாரு.”

சிரித்தார் என்றே சொல்லலாம். என் வீட்டுக்காரர் தனபால் இறந்த பிறகு முதல் தடவை. எனக்கும் ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஜூலை 17, வியாழன்

மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஞானசம்பந்தம் அண்ணன் போன் செய்தார். ஈரோட்டுக்காரர், கனடாவில் நம் ஊர்ச் சரக்கை இறக்குமதி செய்து கடைகளுக்குப் போடுகிறவர். எங்கள் சரக்கை அங்கே அதிகாரிகள் நிறுத்தி வைத்து, சில பாட்டில்களைச் சோதனைக்கு எடுத்திருக்கிறார்களாம். “புதுச் சரக்குன்னா பாக்கத்தான் செய்வாங்க. பயப்படாதீங்கம்மா.”

நான் பயப்படவில்லை. அதைச் சொன்னால் நன்றாக இருக்காது. “சரிங்கண்ணா” என்றேன்.

ஜூலை 31, வியாழன்

சோதனையில் தேறவில்லை.

வினிகரில் போட்டு அடைத்த காய் என்றால் புளிப்பு ஓர் அளவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மூடிய பாட்டிலுக்குள் ஒரு கிருமி விஷம் கக்கும். பாட்டில் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். வாசனை மாறாமலே இருக்கலாம். சாப்பிட்டவருக்குக் கை கால் விழும், மூச்சு நிற்கும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே தனபால்தான். வினிகர் அளவை ராமுத்தாயிடம் கூட விடமாட்டார். பிறகு எப்படி?

“திருப்பி எடுத்துக்கறீங்களா, இங்கயே அழிக்கச் சொல்லிரட்டுமா?” என்று அண்ணன் கேட்டார். திருப்பி எடுத்து யாருக்குக் கொடுப்பது? அழிக்கச் சொன்னேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை நிற்கிறார்.

“எதை அழிக்கச் சொன்னே?”

சொன்னேன்.

“அது அவன் கடைசியாப் போட்டது ஜனனி.”

“தெரியுமுங்க அத்தை.”

தெரியும்தான். அந்தச் சரக்கை வண்டியேற்றிய மறுநாள், அடுத்த லோடு காய் பேச மூலனூர் போனார். திரும்பும்போது தாராபுரம் ரோட்டில் லாரி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

விடிந்ததும் ஞாபகம் வந்தது — கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அத்தை ஒவ்வொரு பாட்டில் கொடுத்தாரே! அதே சரக்கில் மிஞ்சியது. ராமுத்தாய்க்கும் கொடுத்தார்.

அவளிடம் ஓடினேன். “நாங்க அன்னைக்கே தின்னு முடிச்சிட்டோம்லாக்கா. பிள்ளைக்குத்தான் ரொம்பப் பிடிச்சிது. ஏன்க்கா, என்ன?” என்றாள்.

அவளுடைய பிள்ளை வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராமுத்தாய் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இரண்டு நாளும் ஸ்கூட்டியில் வீடு வீடாக. கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாட்டில் இருக்கிறதா, யாருக்காவது உடம்புக்கு ஏதாவது செய்ததா. சிலர் தின்று தீர்த்திருந்தார்கள். கடவுள் புண்ணியம், யாருக்கும் ஒன்றுமில்லை. சிலர் பிரிக்காமல் வைத்திருந்து கொடுத்தார்கள்.

தாராபுரத்தில் மகுடேஸ்வரன் மச்சாண்டார் தரமாட்டேன் என்றார். தனபாலின் பெரியப்பா மகன்.

“செத்தவன் பேரைக் கெடுக்கறதுக்கா ஊர் ஊராச் சுத்தறே?”

“பேர் கெட்டாப் பரவால்லீங்க. பாட்டிலைக் குடுங்க.”

நான்தான் சொன்னேனா? குரல் அப்படி இருந்தது, பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி. அவர் மனைவி உள்ளே போய் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அத்தையின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் ஒன்று.

“நான் திங்க மாட்டேன். சும்மா இருந்துட்டுப் போகட்டும்.”

“வேண்டாமுங்க அத்தை. நாளைக்கு யாராச்சும் தெரியாமத் தொறந்தா?”

“உனக்கு அழுகையே வரலையேடி. அவன் போனன்னைக்கும் வரல.”

பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஷெட்டுக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டி, திறக்காமலே உள்ளே வைத்து, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். ஒன்றை மட்டும் கோவை ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்பினேன். சோறு சாப்பிட வேண்டும் என்று ராமுத்தாய் சொன்னதால் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அத்தை பேசவில்லை. சோறு போடுகிறார், குழம்பு ஊற்றுகிறார், பேசவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆய்வகத்தில் விளக்கினார்கள். வினிகர் அளவில் பிழை இல்லையாம். முற்றின காய்தான் காரணம். தனபால் இளசையும் முற்றலையும் கலந்து அடைத்திருக்கிறார். முற்றின துண்டுக்குள் புளிப்பு இறங்கவே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அத்தையிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கேட்டாரா என்றும் தெரியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஞானசம்பந்தம் அண்ணனின் இறக்குமதி உரிமம் தப்பியது. நாங்கள் மறைக்காமல் நடந்துகொண்டது உதவியதாம். செய்முறையை மாற்றி, ஆய்வகச் சான்றும் வாங்கிவிட்டால் சின்னதாக ஒரு சரக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்கிறார்.

செய்யலாமா? ஷெட்டை வாடகைக்குக் கேட்டு ஒரு நிட்டிங் கம்பெனிக்காரரும் வந்து போனார். இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

நிட்டிங்காரருக்கு இல்லை என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. இன்று சோதனைக்காக ஒரே ஒரு மூட்டை காய் வந்தது. நானும் ராமுத்தாயும் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். அத்தை ஷெட்டுக்குள் வந்தார். தனபால் போன பிறகு இங்கே காலே வைக்காதவர். தலைக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்து, ஒரு காயை எடுத்து முறுக்கிப் பார்த்தார். அடுத்ததை முறுக்கினார். பக்கத்தில் எறிந்தார்.

“இது முத்தல்.”

ராமுத்தாய் என்னைப் பார்த்தாள். எறிந்த காய்கள் குவிந்துகொண்டே வந்தன. அத்தை தலை நிமிராமல் சொன்னார்.

“பாதிக்குப் பாதி கழிக்கோணும் கண்ணு. அவனுக்கு எதையும் கழிச்சுப் போட மனசு வராது. சின்னதுல இருந்தே அப்படித்தான்.”

“ஆமாங்க அத்தை” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு என்னவோ சத்தம் வந்தது. ராமுத்தாய் எழுந்து வெளியே போய்விட்டாள். அத்தை காயைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.